செல்வராணிக்கு நான் சொன்ன பதில்

மழை விட்டும் கூரை விடவில்லை. தகர ஓட்டைகளிலிருந்து சொட்டிய தண்ணீருக்கு ஆளுக்கொரு பக்கம் ஒதுங்கியதில் வரிசை வளைந்து நெளிந்து நின்றது. பிரசங்கம் முடிந்து, ஜெபம் பண்ணிக்கொள்ள முன்னால் வந்தவர்களின் வரிசை அது.

இடம், மடுல்சீமைக்கும் மேலே ஒரு தேயிலைத் தோட்டம். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவாக ஒரு காலத்தில் இருந்த கட்டடம். தோட்டத்தார் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டதால் பழையதை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சபைக்குத் தந்திருந்தார்கள். சுவரில் வரைந்திருந்த ஒரு வாத்தும் ஒரு மாம்பழமும் பாதி உதிர்ந்தபடி இருந்தன.

வரிசையின் முன்னால் கதிரையில் ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவர், எழுபதைக் கடந்தவர். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது. பக்கத்தில் நான் நின்றேன். சனங்கள் சொல்வதை அவருக்கு ஆங்கிலத்திலும், அவர் சொல்வதைச் சனங்களுக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை.

ஏழாவதோ எட்டாவதோ ஆளாக ஒரு பெண் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். தலையில் போட்டிருந்த சால்வையின் நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தாள். பேசுவதற்காக அதை எடுத்தபோது நுனி நனைந்து கறுத்திருந்தது.

“எம்பேரு செல்வராணிங்க. பக்கத்து டிவிசன். ஞானஸ்நானம் எடுத்து ஒம்பது வருசமாச்சு. இடையில மூணு வருசம் வெளிநாட்டுல வீட்டு வேலைக்குப் போயிருந்தேன்.”

அங்கே ஒரு வயதான அம்மாளைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுக்கு வேலை. குளிப்பாட்ட, ஊட்ட, புரட்டிப் படுக்க வைக்க. அந்த அம்மாள் படுத்த படுக்கையாகி, இனி நாள் இல்லை என்று ஆனபோது, இவள் கையைப் பிடித்துக்கொண்டு தங்கள் இஸ்லாம் மார்க்கத்துக்கு வந்துவிடும்படி கேட்டாராம். ஒரு நாள் இல்லை, பல நாள்.

“சொல்லிட்டேங்க. அவங்க சொல்லிக் குடுத்ததை அப்படியே வாயால சொல்லிட்டேன். பெறகு ஒரு ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போனாங்க, கையெழுத்தும் போட்டேன். யாரும் அடிச்சுப் பண்ணல ஐயா. அந்த அம்மா மொகத்தப் பாத்து மனசு எளகிச் சொன்னேன். அதுதான் எனக்குப் பயமா இருக்கு.”

பிறகு அவள் கேட்டாள்:

“இனி எனக்குப் பரலோகத்துல எடம் இருக்கான்னு அவருகிட்ட கேட்டுச் சொல்லுங்க.”

நான் பெரியவரிடம் குனிந்து எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னேன். கேள்வியை மட்டும் எங்கள் சபைகளில் வழங்கும் முறைப்படி மாற்றி, “இவள் தன் இரட்சிப்பை இழந்துவிட்டாளா என்று கேட்கிறாள்” என்றேன்.

அவர் அவளைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார். அதை இன்றைக்குத்தான் முதன்முதலாக உள்ளது உள்ளபடி தமிழில் எழுதுகிறேன்.

“இல்லை, இல்லவே இல்லை. அவள் கை தளர்ந்தாலும் ஆண்டவர் பிடித்த பிடியை விடுவதில்லை என்று சொல்லுங்கள். சாகக்கிடந்த ஒருத்திமேல் அவள் வைத்த இரக்கத்தையும் அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இன்றைக்கு வீட்டுக்குப் போய் வயிறாரச் சாப்பிட்டு, பயமில்லாமல் தூங்கச் சொல்லுங்கள்.”

நான் நிமிர்ந்து செல்வராணியைப் பார்த்துச் சொன்னது இது:

“நீ செஞ்சது சின்னக் காரியம் இல்லம்மா. வாயால மறுதலிச்சவங்களுக்கு வழி ரொம்ப இடுக்கமானது. அழுது உபவாசம் பண்ணு. ஆண்டவர் எரங்குறாரான்னு பாப்போம்.”

அவள் தலையாட்டினாள். சால்வை நுனியை மறுபடியும் பல்லில் வைத்துக்கொண்டு ஒதுங்கினாள். வரிசை ஒரு அடி முன்னால் நகர்ந்தது.

ஒரு வாசகரின் கேள்வி

சென்ற வாரம் இந்தப் பத்தியில் என் தட்டச்சு இயந்திரத்தைப் பற்றி எழுதியிருந்தேன். பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகர், மொழிபெயர்ப்பில் நீங்கள் செய்த ஆகப் பெரிய பிழை எது என்று கேட்டு எழுதியிருக்கிறார். வேடிக்கையான சம்பவம் ஏதாவது வரும் என்று எதிர்பார்த்திருப்பார். அவர் என்னை மன்னிக்க வேண்டும்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் முப்பது வருடத்துக்கு மேலாக மொழிபெயர்ப்புப் பலகை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். சிங்களத்தில் இருக்கும் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தை ஆங்கிலத்தில் ஆக்கித் தருவேன். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த கடிதத்தைத் தோட்டத்து ஆளுக்குத் தமிழில் படித்துச் சொல்லுவேன். முத்திரை குத்திக் கையெழுத்துப் போட்டால் அது நீதிமன்றத்திலும் செல்லும்.

தாயின் பெயரில் ஓர் எழுத்துப் பிசகியிருந்தால் அந்தப் பிசகையும் அப்படியே பெயர்த்து, பக்கத்தில் ‘மூலத்தில் உள்ளபடி’ என்று எழுதுவேன். ஒருமுறை ஒரு தகப்பன், பிள்ளையின் பிறந்த தேதியில் ஒரு மாதத்தை முன்னே போட்டுத் தரச்சொல்லி அழுதே விட்டான். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கத்தான். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அவன் போன பிறகு, நேர்மையாக நடந்துகொண்டேன் என்ற பெருமையில் ஒரு பிளேன்டீ வாங்கிக் குடித்தேன்.

அப்படிப்பட்டவன் அந்தத் தகரக் கொட்டகையில் ஒரு பதிலை முழுசாக மாற்றினேன். காது கேட்கவில்லை என்றோ, அவருடைய உச்சரிப்புப் புரியவில்லை என்றோ சொல்ல முடியாது. ஒவ்வொரு சொல்லும் புரிந்தது.

அண்ணன் இருந்த கணக்கு

ஏன் மாற்றினேன்?

எங்கள் சபையில் அப்போது பெரிய வாக்குவாதம் ஒன்று நடந்து ஓய்ந்திருந்தது. ஒருதரம் இரட்சிக்கப்பட்டவன் என்றைக்கும் இரட்சிக்கப்பட்டவன்தான், அதை எவனாலும் பறிக்க முடியாது, அவனாலேயே தொலைக்கவும் முடியாது என்று ஒரு கூட்டம். அப்படியில்லை, விலகிப் போனால் போனதுதான், ருசி பார்த்த பிறகு துப்பியவனுக்கு மறுபடி பந்தி கிடையாது என்று இன்னொரு கூட்டம். இரண்டு பக்கமும் வேதத்தை விரித்து வைத்துக்கொண்டுதான் சண்டை. கடைசியில் முதல் கூட்டம் பிரிந்து போய், கடைத் தெருவில் மாடியறை ஒன்றில் தனியாக ஆராதனை தொடங்கிவிட்டது.

நான் இரண்டாவது கூட்டம். அதில் எல்லாரையும்விட உரத்துப் பேசியவன். அதற்குக் காரணம் என் அண்ணன்.

அண்ணன் பெயர் ராஜு. லுணுகலைப் பக்கம் ஓர் ஆற்றில் ஒரே நாளில் இரண்டு பேரும் ஞானஸ்நானம் எடுத்தோம். அண்ணன்தான் முதலில் இறங்கினான். தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. மேலே வந்து பல் கிட்டியபடி, “எறங்குடா தம்பி, ஒண்ணும் பண்ணாது” என்று சிரித்தான்.

ஐந்தாறு வருடத்தில் கசிப்புச் சாராயம் குடிக்கத் தொடங்கினான். விடுவான், மறுபடி பிடிப்பான். விடும்போதெல்லாம் சபைக்கு வந்து முழங்காலில் நின்று அழுவான். மூன்றாவது தடவையோ நான்காவது தடவையோ, இவனை வைத்துக்கொண்டிருந்தால் மற்றவர்களும் கெட்டுப்போவார்கள் என்று பேச்சு வந்தது. மூப்பர் என்னைப் பார்த்து, “உங்க அண்ணன். நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்டார்.

எழுந்து நின்று சொன்னேன்: “அவர் கிருபையை இழந்துபோனவர். என் வீட்டுக்குள்ளும் இனிச் சேர்க்கமாட்டேன்.”

சொன்னபடியே செய்தேன். ஒருநாள் அண்ணன் மழையில் வந்து வாசலில் நின்றபோது, என் மனைவி கதவைத் திறக்கப் போனாள். நான் வேண்டாம் என்றேன். அண்ணன் கூப்பிடக்கூட இல்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு இறங்கிப் போனான். அடுத்த வருடமே ஈரல் வீங்கிச் செத்துப்போனான்.

இப்போது புரிந்திருக்கும். அந்தப் பெரியவர் சொன்னது உண்மையென்றால், அண்ணனையும் ஆண்டவர் விட்டிருக்கமாட்டார். ஆண்டவர் விடாதவனை நான் மழையில் விட்டிருக்கிறேன். அப்படி ஒன்றை அந்தக் கொட்டகையில், அந்த ஒரு நிமிடத்தில், என் வாயால் சொல்ல முடியவில்லை. அண்ணன் இழந்துபோனவனாகவே இருக்க வேண்டும் என்பதற்காக, முன்பின் தெரியாத ஒருத்தியையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்தேன்.

அன்றைக்கு இவ்வளவு தெளிவாக நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். பெரியவர் நாளைக்கு விமானம் ஏறிவிடுவார், சனங்களை மேய்ப்பது நாங்கள், இப்படி லேசாகச் சொல்லிக்கொடுத்தால் ஆளாளுக்கு இஷ்டப்படி நடப்பார்கள் என்றுதான் மனதுக்குச் சொல்லிக்கொண்டேன். நல்ல காரணம் ஒன்று எப்போதும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது.

மூன்று தடவை வந்தாள்

இரண்டு மாதம் கழித்து செல்வராணி பதுளைக்கு என்னைத் தேடி வந்தாள். தோட்டத்திலிருந்து பஸ்ஸில் குலுங்கி வருவதற்குள் அரை நாள் போய்விடும். வந்ததும் என் மேசைக்கு முன்னால் பத்திரத்தோடு காத்திருந்தவர்களுக்குப் பின்னால் போய் நின்றாள். அவள் முறை வந்தபோது கையில் காகிதம் எதுவும் இல்லை.

“கெழமையில மூணு நாள் உபவாசம் இருக்கேங்க. போதுமா?”

மெலிந்திருந்தாள். என் மனைவி வீட்டிலிருந்து கட்டிக் கொடுத்திருந்த சோற்றுப் பார்சல் மேசையில் இருந்தது. அதைச் சாப்பிடச் சொல்லியிருக்கலாம். சாப்பிடச் சொல்லித்தானே பெரியவர் சொல்லியிருந்தார்?

“போதுமா போதாதான்னு நாம சொல்ல முடியாதும்மா. மனசுல சமாதானம் வந்துச்சா?” என்றேன்.

“வரலீங்க.”

“அப்ப இன்னும் இருக்கு.”

இரண்டாவது தடவை வந்தபோது ஒரு செய்தி கொண்டுவந்தாள். பசார் தெருவில் முஸ்லிம் முதலாளி ஒருவரின் துணிக்கடைக்கு மகளுக்குப் பள்ளிக்கூடச் சட்டை வாங்கப் போயிருக்கிறாள். அவர் வயதானவர், தாடி வைத்தவர். அவரிடமே கேட்டுவிட்டாளாம், இப்படிச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவள் நான், இப்போது நான் உங்கள் ஆள்தானா என்று.

“அவர் என்ன சொன்னார்?”

“‘மனசுல ஈமான் இல்லாம வாயால சொன்னா அல்லாஹ்ட கிட்ட அது சேராது தங்கச்சி. அந்தத் தாய்ட மனசு நோவக்கூடாதுன்னு சொல்லிருக்கீங்க. நீங்க உங்கட கோயிலுக்கே போங்க, பயப்பட வாணாம்’னாரு. கதிர போட்டு ஒக்கார வச்சு டீயும் வாங்கிக் குடுத்தாரு.” பிறகு அவளே சொன்னாள்: “அவங்க கணக்குலயும் நான் இல்லீங்க. நம்ம கணக்குலயும் இல்ல. பெறகு எங்கதான் இருக்கேன்?”

வேறு மார்க்கத்துக் கடைக்காரர் ஒருவர் அவளுக்குச் சொன்ன பதில், பெரியவர் சொன்ன பதிலுக்கு எவ்வளவு பக்கத்தில் இருந்தது என்று எனக்கு உறைத்தது. உறைத்ததால் கோபம் வந்தது.

“கண்ட எடத்துலயும் போயி இதையெல்லாம் கேக்காத. கர்த்தர் ஒன்னை அடிக்கிறாருன்னா, அடிய வாங்கிக்கிட்டு அமைதியா இரு. அவரு கைய தட்டிவிடாத” என்றேன்.

“சரிங்க ஐயா” என்றாள். என்மேல் கோபமே இல்லை அவளுக்கு.

மூன்றாவது தடவை மகளையும் கூட்டி வந்தாள். பத்து வயதுப் பிள்ளை, தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதன் தலையை என் பக்கம் லேசாகத் தள்ளினாள்.

“இவளுக்கு ஜெபம் பண்ணுங்க. ராவு படுக்கையில நாந்தான் தலையில கை வச்சு ஜெபம் பண்ணுவேன். இப்ப பண்றதில்ல. என் ஜெபம் மேல போகுதா, கீழயே கெடக்குதான்னு தெரியல. இது மேல கை வைக்கவே பயமா இருக்கு. என்னோடது இதுக்கும் ஒட்டிறக்கூடாதுல்ல.”

பண்ணினேன். பிள்ளையின் தலையில் தேங்காயெண்ணெய் மணந்தது. கண்ணைத் திறந்தபோது செல்வராணி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் திருவிருந்து எடுக்க அவள் எழுந்திருப்பதில்லை என்று தோட்டத்துச் சபையார் எனக்குச் சொன்னார்கள். நான் அதைக் கேட்டு, நல்ல பயபக்தி என்று சொன்னேன்.

பெரியவரின் கடிதம்

இடையில் ஆஸ்திரேலியாவிலிருந்து கடிதம் ஒன்று வந்தது. நடுங்கும் கையெழுத்து. எல்லாரையும் விசாரித்துவிட்டு, கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தார். வெளிநாட்டிலிருந்து திரும்பிய அந்தப் பெண் இப்போது சந்தோஷமாக இருக்கிறாளா?

அவர் பார்த்தது நூற்றுக்கணக்கான முகங்கள். அதில் அவளை நினைவில் வைத்திருந்தார்.

அவள் விசுவாசத்தில் நன்றாக வளர்ந்து வருகிறாள் என்று ஆங்கிலத்தில் அழகாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். பிறகு அவரிடமிருந்து கடிதம் வரவில்லை. அடுத்த வருடம் அவர் காலமான செய்தி சபைக்கு வந்தது. ஜெபக் கூட்டத்தில் அவரைப் பற்றிப் பேசும்படி என்னைத்தான் கேட்டார்கள். பேசினேன்.

கணேசன் வந்தார்

செல்வராணியின் புருசன் கணேசன் என் மேசைக்கு வந்தது ஒரு மத்தியான வேளை. அவர் எங்கள் சபைக்காரர் இல்லை. தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழாவுக்குத் தப்படிப்பவர். மனைவி ஞானஸ்நானம் எடுத்தபோதும் தடுக்கவில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். ஒரு தோளில் துணிப்பை, காலில் சேறு.

“செல்வராணி ஆஸ்பத்திரியில கெடக்குங்க. ஒங்களப் பாக்கணும்னு சொல்லுது.”

மார்பில் கட்டி. ஒரு வருடத்துக்கு மேலாக இருந்திருக்கிறது. யாருக்கும் சொல்லவில்லை. கொழுந்துக் கூடையின் கயிறு இழுக்கும்போது முகம் சுளிப்பதைப் பார்த்துக் கூடப் பறிக்கும் பெண்கள் கேட்டிருக்கிறார்கள், ஒன்றுமில்லை என்றிருக்கிறாள். கடைசியில் புண்ணாகி வாடை வந்த பிறகுதான் கணேசனுக்கே தெரிந்திருக்கிறது. தூக்காத குறையாகக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். எலும்பு வரைக்கும் போய்விட்டது, இனி வலிக்கு மருந்து கொடுப்பதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம்.

“ஏன் முந்தியே காட்டல?”

கேட்ட பிறகு, கேட்டிருக்க வேண்டாம் என்று நினைத்தேன்.

“நானும் அதத்தான் கேட்டேங்க. கர்த்தர் அடிக்கிறாரு, மருந்து போட்டா அவரு கைய தட்டிவிட்ட மாதிரின்னுச்சு.” கணேசன் சேற்றுக் காலை ஒன்றோடொன்று தேய்த்தார். “எனக்கு இதெல்லாம் வெளங்கலீங்க. எங்க ஆத்தாவும் கோவிப்பா. கோவிச்சா ஒரு பொங்கல வச்சா அடங்கிருவா. ஒங்க சாமிக்கு என்னதாங்க வேணும்?”

நான் மேசையைப் பூட்டாமலே எழுந்து அவரோடு நடந்தேன்.

படுக்கைப் பக்கத்தில்

மூன்று மணி, பார்வை நேரம். வார்ட்டில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் சனம். யாரோ உரித்த தோடம்பழத்தின் மணமும், மருந்து மணமும், அதற்கடியில் செல்வராணியின் புண்ணின் வாடையும். அவள் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தாள். போர்வைக்குக் கீழே உடம்பு இருப்பதே தெரியவில்லை. என்னைக் கண்டதும் தலைமுடியை ஒதுக்கப் பார்த்தாள். கை பாதிவழியில் நின்றுவிட்டது.

கணேசன் எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, சுடுதண்ணீர் வாங்க வெளியே போனார்.

வழி முழுக்க ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துபோனது. நேராகவே சொன்னேன்.

“செல்வராணி, அன்னைக்கு அந்த வெள்ளைக்கார ஐயா சொன்னது வேற, நான் ஒனக்குச் சொன்னது வேற. நீ தொலைஞ்சு போகலன்னுதாம்மா அவரு சொன்னாரு. ஆண்டவர் ஒன் கைய விடவே இல்லன்னு சொன்னாரு. வீட்டுக்குப் போயி வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கச் சொன்னாரு. நாந்தான் மாத்திச் சொன்னேன்.”

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்தாள். உதடு வெடித்திருந்ததால் சிரிப்பு பாதியில் நின்றது.

“இப்ப எல்லாருமே நல்ல வார்த்தையாத்தான் சொல்றாங்க ஐயா. காலையில டாக்டரு கூட ‘நல்லாயிரும்’னுட்டுப் போறாரு.”

“இல்லம்மா, சத்தியமா…”

“சத்தியம் பண்ணாதீங்க.” மூச்சு வாங்கிக்கொண்டு பேசினாள். “நானே பாத்தேனே. எனக்கு எடம் இருக்கான்னு கேக்கச் சொன்னேன். நீங்க கேட்டு முடிக்கவும் அவரு தலைய ஆட்டி ‘நோ, நோ’ன்னாரு. இங்கிலீசு தெரியாட்டியும் அந்த ஒரு சொல்லு தெரியும்ங்க. வேலை செஞ்ச வீட்டுல தெனம் கேட்ட சொல்லு. சொல்லையில அவருக்கே கண்ணு கலங்கிருச்சு, பாவம்.”

அவர் தலையாட்டியதை அவள் பார்த்திருப்பாள் என்று இத்தனை நாளில் ஒருதடவைகூட நான் நினைக்கவில்லை. நான் கேள்வியைத் திருப்பிப் போட்டுக் கேட்டதை, இழந்துவிட்டாளா என்று கேட்டதற்குத்தான் அவர் இல்லை என்றதை விளக்கினேன். திரும்பத் திரும்ப விளக்கினேன். விளக்க விளக்க, சாகப்போகிறவளுக்காக நின்ற இடத்தில் கட்டிய கதை மாதிரியே அது என் காதுக்கும் கேட்டது.

அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். என் கை மேல் தன் கையை வைத்தாள். சூடாக, காகிதம் மாதிரி இருந்தது.

“அவரு இல்லவே இல்லன்னுட்டாரு. நீங்கதான் எரங்குறாரான்னு பாப்போம்னு சொன்னீங்க. என்னைய நோகடிக்க மனசில்லாம நீங்களாத்தான் அதச் சேத்துச் சொன்னீங்கன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தப் ‘பாப்போம்’ங்குறத வச்சுக்கிட்டுத்தாங்க இம்புட்டு நாளும் இருந்தேன்.”

நான் அழுதேன். பக்கத்துக் கட்டில்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்காகப் பொய் சொல்லி நீங்களும் ஒங்களோடத தொலைச்சிறாதீங்க ஐயா” என்றாள். “எனக்குத்தான் இல்லன்னு ஆயிருச்சு. எம்புள்ளைக்கு ஜெபம் பண்ண ஒரு ஆளாவது வேணும்ல.”

கணேசன் சுடுதண்ணீர் போத்தலோடு வந்தார். பார்வை நேரம் முடிந்தது என்று தாதி ஒருவர் ஒவ்வொரு கட்டிலாகச் சொல்லிக்கொண்டு வந்தார்.

மறுநாளும் போனேன், அதற்கு மறுநாளும் போனேன். மாடியறையில் ஆராதனை நடத்தும் அந்த மற்றச் சபையின் போதகரைக்கூட வெட்கத்தை விட்டுக் கூட்டிப் போனேன். எங்களை விட்டுப் பிரிந்து போனவர். ஒரு வார்த்தை குத்திக்காட்டாமல் வந்தார். இரட்சிப்பை யாரும் பறிக்க முடியாது என்று அவளுக்கு எவ்வளவோ இதமாக எடுத்துச் சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டாள். அவர் போன பிறகு, “ஐயாதான் சொல்லிக் குடுத்துக் கூட்டியாந்தீங்களா?” என்று என்னிடம் மெதுவாகக் கேட்டாள்.

நான்காம் நாள் காலையில் போனபோது கட்டிலில் வேறு ஒருத்தி இருந்தாள்.

தேயிலைக்கு மேலே

தோட்டத்து இடுகாடு மலைச்சரிவில், தேயிலை முடியும் இடத்தில் இருக்கிறது. ஈர மண். வெட்ட வெட்டச் சரிந்தது. தப்படிக்கும் கணேசனின் கூட்டாளிகள் தப்பை எடுக்காமல் வந்து, குழியின் ஓரத்தைக் கால்களால் மிதித்துக் கொடுத்தார்கள். ஜெபம் நான் பண்ணினேன். பெரியவர் சொன்ன அந்தப் பதிலை, ஒரு சொல் குறையாமல், கூட்டாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். கேட்க வேண்டியவள் பெட்டிப் பலகைக்குக் கீழே இருந்தாள்.

அதற்குப் பிறகு நான் எந்த மேடையிலும் மொழிபெயர்க்கவில்லை. சபைக்குப் போகிறேன். பின்வரிசையில் உட்காருகிறேன். எங்கள் சபையில் இந்த வாக்குவாதம் இன்னும் அவ்வப்போது தலைதூக்கும். இளைஞர்கள் என்னிடம் வந்து, கிறிஸ்தவன் இரட்சிப்பை இழக்கமுடியுமா என்று கேட்பார்கள். செல்வராணி இழக்கவில்லை என்று எனக்கு நிச்சயம். அண்ணனும் இழக்கவில்லை என்று இப்போது நம்புகிறேன். என்னைப் பற்றி நினைக்கும்போது மட்டும் அந்த உறுதி வருவதில்லை. எத்தனையோ காலையில் முழங்காலில் நின்று பார்த்துவிட்டேன். பெரியவர் சொன்ன வார்த்தைகளை எனக்கு நானே சொல்லிக்கொள்ளும்போது, மாற்றிச் சொல்கிறேனோ என்றுதான் சந்தேகம் வருகிறது.

அடக்கத்தன்று எல்லாரும் இறங்கிப் போன பிறகு கணேசன் மட்டும் நின்றார். மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைப் புல்லில் தேய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். மகள் கொஞ்சம் தள்ளி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருந்தாள்.

“ஐயா, ஒண்ணு கேக்கலாமா?”

“கேளுங்க கணேசன்.”

“அவ இப்ப எங்கங்க இருப்பா?”

“ஆண்டவர்கிட்ட” என்றேன். “சந்தேகமே வேண்டாம். அவர்கிட்டதான்.”

அவர் மண்வெட்டியைத் துடைப்பதை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. உண்மையிலேயே விளங்காத மனிதர் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

“எனக்கு இம்புட்டு லேசாச் சொல்றீங்க” என்றார். “அவளுக்கு ஏங்க அம்புட்டுக் கஷ்டமாச் சொன்னீங்க?”

பிறகு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, மகளைக் கூப்பிடப் போனார்.